இரவல் சாலைகள்

சாலைப் பந்தயத்தின் கதை – பகுதி 17

சென்ற பகுதி 1941 டிசம்பரில் நின்றது. அமெரிக்கா போரில் இறங்கிய கையோடு, காலியர் சகோதரர்கள் 1933-ல் தொடங்கிய சிறிய பந்தயக் கிளப் கலைக்கப்பட்டது. பண்ணை வீட்டுப் பாதைகளில் நண்பர்களுக்குள் ஓட்டிப் பார்த்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு அது. அதோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தத் தொடரில் அமெரிக்காவுக்கு இரண்டு பத்திக்கு மேல் இடம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 1944 பிப்ரவரி 26-ல் பாஸ்டனில் ஏழு பேர் கூடி ‘ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பந்தயம் நடத்தும் எண்ணம் அவர்களுக்கு அப்போது இல்லை. நல்ல பழைய கார்கள் போர்க்காலத்தில் பழைய இரும்புக்குப் போய்விடாமல் காக்க வேண்டும், அவ்வளவுதான். தன் காரைக் கிளப்புக்கு வெளியே விற்கிறவர் உறுப்பினர் தகுதியை இழப்பார் என்று விதி வைக்கும் அளவுக்கு அந்தக் கவலை முற்றியிருந்தது. இந்தச் சேகரிப்பாளர் சங்கம் நான்கே ஆண்டுகளில் பந்தயம் நடத்தத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் மிகப் பெரிய சாலைப் பந்தய அமைப்பாகவே ஆனது. அதன் அடையாளமாக நின்றது ஒரு விதி: ஓட்டுகிறவர் காசு வாங்கக் கூடாது. வென்றவருக்குக் கோப்பை உண்டு, பணமுடிப்பு கிடையாது. கலந்துகொள்வதற்கென்று தொகையும் கிடையாது. 1962-ல் கிளப்பே அந்த விதியைத் தளர்த்திப் பரிசுப்பணத்துக்குக் கதவைத் திறந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு இதை இப்படி விளக்குகிறது: கிழக்குக் கடற்கரைச் சீமான்கள் தங்கள் குலப்பெருமைக்காகப் பிடித்துவைத்திருந்த விதி, மேற்குக் கடற்கரையிலிருந்து பணமும் திறமையும் புறப்பட்டு வந்து அதை உடைத்தன. இந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அமெச்சூர் விதியை உயிரோடு வைத்திருந்தது சீமான்களின் மனப்பான்மையைவிட ஊராரிடம் இரவலாகக் கிடைத்த சாலைதான் என்பது என் வாதம். சாலையை ஊர் திரும்பப் பெற்றுக்கொண்ட 1952-லேயே விதியின் விதி எழுதப்பட்டுவிட்டது. மிச்சப் பத்தாண்டுகள் அதைத் தள்ளிப்போட்ட காலம்.

இந்த வாதத்துக்கு முதலில் அந்தக் கிளப் அன்றாடம் எப்படி இயங்கியது என்று பார்க்க வேண்டும். தேசிய அளவில் ஒரு பெயர் இருந்தாலும், வேலை நடந்தது வட்டாரக் கிளைகளில்தான். சிகாகோ கிளை, நியூயார்க் கிளை, சான் பிரான்சிஸ்கோ கிளை என்று ஒவ்வொன்றும் தன் பகுதியில் உறுப்பினர் சேர்த்தது, கூட்டம் போட்டது, செய்தித்தாள் அச்சிட்டது. பந்தயம் என்பது ஆண்டுக்குச் சில நாள் மட்டும். மற்ற வார இறுதிகளில் வரைபடத்தைப் பார்த்து நேரம் தவறாமல் ஓட்டும் ராலி, காலி வாகன நிறுத்துமிடத்தில் கம்பங்களுக்கு நடுவே வளைத்து ஓட்டும் ஜிம்கானா, வெர்மான்ட்டின் ஈக்வினாக்ஸ் போன்ற மலைகளில் ஒவ்வொரு காராக ஏறி நேரம் குறிக்கும் மலையேற்றப் போட்டி. இதற்கெல்லாம் கோடீஸ்வரராக இருக்கத் தேவையில்லை. போர் முடிந்ததும் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய எம்.ஜி. டி.சி. என்ற சிறிய திறந்த கார் போதும். 1,250 சிசி எஞ்சின், வலப்பக்க ஸ்டியரிங். மொத்தம் தயாரான சுமார் 10,000 கார்களில் ஏறக்குறைய 2,000 மட்டுமே அமெரிக்காவுக்கு வந்தன. டிட்ராய்ட்டின் கப்பல் போன்ற கார்களுக்கு நடுவே அதை வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் கைகாட்டிக்கொண்டார்கள் என்பது அக்காலத்தைப் பற்றி எல்லாரும் சொல்லும் செய்தி. பல் டாக்டர், பொறியாளர், கல்லூரி மாணவர், விற்பனையாளர் என்று நடுத்தர வருமானக்காரர்கள் இப்படித்தான் உள்ளே வந்தார்கள். பந்தய நாளில் இவர்களில் ஒரு பங்கினர் ஓட்டினார்கள். பெரும்பங்கினர் மூலைக்கு மூலை கொடி பிடித்தார்கள், ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் குறித்தார்கள், பிரேக்கும் டயரும் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு காரையும் சோதித்தார்கள், வைக்கோல் கட்டுகளைத் தூக்கி அடுக்கினார்கள். எவருக்கும் கூலி இல்லை. ஓட்டுகிறவனுக்கே காசு இல்லாதபோது கொடி பிடிக்கிறவன் கூலி கேட்க முடியாது. அமெச்சூர் விதியின் முதல் பயன் இதுதான். கோப்பையை முன்னிட்டுப் பேசப்பட்ட விதி, நடைமுறையில் ஆயிரம் கைகளின் உழைப்பை இலவசமாக்கியது.

இரண்டாவது பயன் சாலையைச் சார்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஏரியின் தென்முனையில் வாட்கின்ஸ் கிளென் என்று ஒரு சிற்றூர். கோடை முடிந்ததும் சுற்றுலாப் பயணிகள் போய்விடுவார்கள், கடைத்தெரு உறங்கிவிடும். கேமரன் ஆர்கெட்ஸிங்கர் பக்கத்து இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்; அவரிடம் ஒரு எம்.ஜி. இருந்தது, புதிதாகக் கிளப் உறுப்பினரும் ஆகியிருந்தார். ஐரோப்பாவில் நடப்பதுபோல் ஊருக்குள்ளேயே ஒரு பந்தயம் வைத்தால் கோடைக்குப் பிறகும் ஆள் வருவார்களே என்று ஊர் வணிகர் சங்கத்திடம் அவர் எடுத்துச் சொன்னார். அவர் வரைந்த சுற்று 6.6 மைல், அதாவது பத்தரைக் கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். நீதிமன்றக் கட்டடத்துக்கு எதிரே கடைத்தெருவில் புறப்பட்டு, மேட்டில் ஏறி, மரங்களுக்கு நடுவே இறங்கி, ஒரு கல்பாலத்தைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து, மறுபடி ஊருக்குள் வரும் பாதை. சில இடம் சிமென்ட், சில இடம் தார், சில இடம் சரளை. சட்ட மாணவருக்குப் படிப்பு கைகொடுத்த இடம் அனுமதிகள் வாங்குவதில்தான்: கிராமம், நகரியம், மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒவ்வொரு உரிமையாளர், தண்டவாளத்துக்கு ரயில் கம்பெனி. 1948 அக்டோபர் 2 அன்று பந்தயம் முடியும்வரை ரயில்களை நிறுத்திவைக்க நியூயார்க் சென்ட்ரல் ஒப்புக்கொண்டது. போருக்குப் பின் அமெரிக்காவில் நடந்த இந்த முதல் சாலைப் பந்தயத்தின் எட்டுச் சுற்றுகளை பிராங்க் கிரிஸ்வோல்ட் ஆல்ஃபா ரோமியோ 8சி 2900பி காரில் ஓட்டி வென்றார்; பியூக் காரின் உறுப்புகள்மேல் மெர்சிடிஸ் உடலைப் பொருத்திய ‘பூமெர்க்’ என்ற கலப்புக் காரில் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் இரண்டாவதாக வந்தார். பொறியாளர் பில் மில்லிகன் தன் பழைய புகாட்டியை ஒரு வளைவில் கவிழ்த்தார். அந்த வளைவு இன்றுவரை அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஒரு வளைவுக்குப் பெயர் வாங்க ஜெயிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இத்தனை அதிகாரங்களும் ஒரு நாள் முழுக்கச் சாலையை மூடிக் கொடுத்தது எதனால்? பொதுச்சாலை எல்லாருடைய சொத்து. அதை மூடி ஒருவர் லாபம் பார்க்கிறார் என்றால் கேள்வி எழும்: யாருக்கு லாபம், எங்கள் பங்கு என்ன, தடைபட்ட போக்குவரத்துக்கு யார் பொறுப்பு? பணம் வாங்காத கனவான்கள் கோப்பைக்காக ஓட்டுகிறார்கள், வணிகர் சங்கம் முன்நின்று நடத்துகிறது, வருமானம் ஊரின் விடுதிக்கும் உணவகத்துக்கும் போகிறது என்னும்போது அந்தக் கேள்விகளின் கூர்மை மழுங்குகிறது. அது ஊர்த் திருவிழாவுக்குச் சாலையை மறிப்பதற்குச் சமமாகிவிடுகிறது. தேர் வரும் நாளில் தெருவை மூடினால் நம் ஊரில் யாரும் வாடகை கேட்பதில்லை. இதே கணக்கில்தான் மற்ற ஊர்களும் இசைந்தன. விஸ்கான்சின் மாநிலத்தின் எல்க்ஹார்ட் லேக் என்ற ஏரிக்கரை ஊரில் சிகாகோ கிளை 1950-ல் பந்தயம் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் பெபிள் பீச்சின் பைன் மரங்களுக்கிடையே அதே ஆண்டு தொடங்கிய பந்தயத்தின் முதல் வெற்றி, பின்னாளில் உலக சாம்பியன் ஆன ஃபில் ஹில்லுக்கு, ஒரு ஜாகுவார் எக்ஸ்.கே. 120 காரில் கிடைத்தது. எந்த ஊருக்கும் பரிசுத்தொகை திரட்டும் சுமை இல்லை. கிளப்புக்கு நிலம் வாங்கும் சுமை இல்லை. சாலை இரவல், உழைப்பு இலவசம், பரிசு ஒரு வெள்ளிக் கோப்பை. மூன்றில் எது ஒன்று விலைக்கு வந்தாலும் மற்ற இரண்டும் நிற்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். ஐரோப்பாவைப் பாருங்கள் என்பார்கள். மில்லே மில்லியா இத்தாலியின் பொதுச்சாலைகளில் 1957 வரை நடந்தது. சிசிலியின் தார்கா ஃப்ளோரியோ உலக சாம்பியன்ஷிப் பந்தயமாகவே 1973 வரை நீடித்தது. லெ மானின் பாதையில் பெரும்பகுதி இன்றும் பொதுச்சாலை. அங்கெல்லாம் ஓட்டுநர்கள் பணம் வாங்கிக்கொண்டுதான் ஓட்டினார்கள். அப்படியானால் இரவல் சாலைக்கும் அமெச்சூர் விதிக்கும் என்ன கட்டாயத் தொடர்பு? மறுப்பு நியாயமானதே. ஆனால் ஐரோப்பாவில் சாலையைக் கொடுத்தவர்கள் வேறு காரணத்துக்காகக் கொடுத்தார்கள். ஃபியட், ஆல்ஃபா ரோமியோ, ஃபெராரி, மசராட்டி ஆகியவை இத்தாலியின் தொழில். அந்தக் கார்கள் வெல்வது நாட்டுப் பெருமை, ஏற்றுமதிக்கு விளம்பரம். தேசிய ஆட்டோமொபைல் கிளப்புகளுக்கு அரசின் கதவுகள் திறந்திருந்தன. அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். வாட்கின்ஸ் கிளெனில் ஓடியவை எம்.ஜி., ஜாகுவார், ஆல்லார்ட், ஃபெராரி. பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. டிட்ராய்ட்டுக்கு இதில் அக்கறை கிடையாது. பந்தயம் என்றால் இண்டியானாபொலிஸ் முட்டைவடிவப் பாதையும் தென்மாநிலங்களின் ஸ்டாக் கார் பாதைகளும்தான். அவை டிக்கெட் விற்ற தனியார் அரங்குகள். தொழிலின் ஆதரவும் அரசின் ஆதரவும் இல்லாத இடத்தில் சாலையைக் கேட்டு வாங்க ஒரே மூலதனம், ‘எங்களுக்கு இதில் காசு இல்லை’ என்ற சொல்தான்.

அந்த மூலதனத்துக்கு உள்ளேயே அதன் அழிவும் இருந்தது. ஆறரை மைல் நீளமுள்ள ஊர்ச்சாலைக்கு வேலி போட முடியாது. வேலி இல்லாத இடத்தில் டிக்கெட் விற்க முடியாது. டிக்கெட் பணம் இல்லாமல் வேலிக்கும் காவலுக்கும் செலவழிக்க வழியில்லை. கூட்டமோ ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 1948-ல் வாட்கின்ஸ் கிளெனுக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில்; இரண்டு மூன்று ஆண்டுகளில் அது லட்சத்தைத் தொட்டது. எல்க்ஹார்ட் லேக்கில் 1952 பந்தயத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வந்ததாக மதிப்பிட்டார்கள். சில நூறு வீடுகள் உள்ள ஊருக்கு. மக்கள் நடைபாதை விளிம்பிலும் வீட்டுப் புல்வெளியிலும் கார்கள் உரசிப்போகும் தூரத்தில் நின்றார்கள். 1950-ல் வாட்கின்ஸ் கிளெனில் கன்னிங்ஹாமின் ஃபெராரியை ஓட்டிய சாம் காலியர், முன்னே சொன்ன காலியர் சகோதரர்களில் ஒருவர், பாதையிலிருந்து விலகி இறந்தார். அது ஓட்டுநரின் சாவு. கிளப்பும் ஊரும் துக்கத்தோடு அதைத் தாங்கிக்கொண்டன. 1952 செப்டம்பர் 20 அன்று நடந்ததைத் தாங்க முடியவில்லை. கடைத்தெருவில் ஒரு ஆல்லார்ட் கார் நடைபாதை ஓரம் நின்றவர்களை உரசிச் சென்றது. ஏழு வயதுச் சிறுவன் இறந்தான். பன்னிரண்டு பேர் காயமடைந்தார்கள். பந்தயம் அங்கேயே நிறுத்தப்பட்டது. அதன்பின் ஊருக்குள் பந்தயம் நடக்கவில்லை. விஸ்கான்சின் மாநிலமும் பொதுச்சாலைப் பந்தயத்துக்குத் தடை போட்டது. எல்க்ஹார்ட் லேக்கின் மூன்றாவது பந்தயமே அந்தச் சாலைகளில் கடைசி. பெபிள் பீச் மட்டும் 1956 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது. எர்னி மக்காஃபி ஓட்டிய ஃபெராரி மரத்தில் மோதி அவர் இறந்ததும் அங்கும் முடிந்தது. ஓட்டுகிறவர் காசு வாங்காதவர் என்பது இறந்த குழந்தையின் தகப்பனுக்கு ஒரு சமாதானமே ஆகாது. ஊருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் கூட ஆகாது. காசு வாங்காததால் கிடைத்த நம்பிக்கை, ஒரு பிற்பகலில் செல்லாக்காசானது.

ஆனால் விதி உடனே விழவில்லை. காரணம், வேறொரு இரவல் கிடைத்தது. கொடுத்தவர் அமெரிக்க விமானப்படையின் தொலைதூரத் தாக்குதல் பிரிவின் தளபதி கர்ட்டிஸ் லெமே. ஜப்பான் நகரங்களின் மீது தீக்குண்டு வீச்சுக்குத் தலைமை தாங்கியவர். அணுகுண்டு விமானங்களின் பொறுப்பில் இருந்தவர். அவரிடம் சொந்தமாக ஒரு ஆல்லார்ட் இருந்தது என்பது இந்தக் கதைக்குக் கூடுதல் தகவல் அல்ல, காரணமே அதுதான். குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட அகன்ற கான்கிரீட் ஓடுபாதைகளைப் பந்தயத்துக்குத் திறந்துவிட்டார். 1952 அக்டோபரில் ஜார்ஜியாவின் டர்னர் தளத்தில் தொடங்கி மெக்டில், பெர்க்ஸ்ட்ரம், ஆஃபட், லாக்போர்ன், மார்ச் என்று அடுத்த இரண்டாண்டுக்குக் கிளப்பின் தேசியப் பந்தயங்களில் கணிசமானவை விமானத் தளங்களில் நடந்தன. தளத்துக்கு ஏற்கெனவே வேலி உண்டு, வாசல் உண்டு, காவலும் உண்டு. எனவே முதன்முறையாக டிக்கெட் ஒழுங்காக விற்க முடிந்தது. அந்தப் பணம் படைவீரர்களின் தங்குமிட வசதிக்குப் போயிற்று. ஓட்டுநருக்குக் காசு இல்லை என்ற விதி ஒரு கீறலும் இல்லாமல் பிழைத்தது. இந்த இரண்டாண்டை எடுத்துக்காட்டி, சாலை போனபின்னும் அமெச்சூர் விதி நின்றதே என்று என் வாதத்தை மறுக்கலாம். ஆனால் அது நின்ற விதத்தைப் பாருங்கள்: நிலத்தின் விலையை, பராமரிப்பை, பாதுகாப்பை வரிகட்டும் மக்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ராணுவச் சொத்து தனியார் கிளப்பின் பொழுதுபோக்குக்குப் பயன்படுவதாக நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்ததும் 1954-ல் ஏற்பாடு நின்றது. கிளப் லெமேவுக்குத் தன் உயரிய விருதான வூல்ஃப் பர்னாட்டோ கோப்பையைக் கொடுத்து நன்றி சொன்னது. இரவல் சாலையின் இடத்தில் இரவல் ஓடுபாதை வந்தது, அதுவும் போனது.

அதற்கு நிகரான ஒன்று நமக்குப் பக்கத்திலேயே உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட ஓடுபாதையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் தன் பந்தயங்களை நடத்தியது. நிலத்துக்கு விலை கொடுக்காதவரை ஒரு தன்னார்வக் கிளப்பால் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை 1990-ல் திறந்தபோது அந்தக் கிளப்பின் கணக்கும் மாறியது. அந்தக் கதை இந்தத் தொடரில் அதற்குரிய இடத்தில் வரும்.

அமெரிக்காவில் அந்தக் கணக்கு மாறிய விதத்தை நாள் வாரியாகத் தொடர முடியும். வாட்கின்ஸ் கிளென் ஊரார் 1953-ல் மாநில நெடுஞ்சாலையை விட்டு விலகி, மேட்டில் டிக்ஸ் நகரியத்தின் சாலைகளில் 4.6 மைல் சுற்று ஒன்றைப் பிடித்தார்கள், அதுவும் இரவலே. 1956-ல் நிலம் வாங்கி 2.3 மைல் நிரந்தரப் பாதை போட்டார்கள். விஸ்கான்சினில் நெடுஞ்சாலைப் பொறியாளர் கிளிஃப் டஃப்டே எல்க்ஹார்ட் லேக் அருகே 525 ஏக்கர் பண்ணைநிலத்தைத் தேர்ந்து, பங்குகள் விற்று, நிலத்தின் மேடுபள்ளத்தை மாற்றாமல் நான்கு மைலுக்குச் சற்று அதிகமான ரோடு அமெரிக்கா பாதையை 1955 செப்டம்பரில் திறந்தார். மான்டெரே வட்டாரத்தில் பெபிள் பீச்சை இழந்தவர்கள் ராணுவத்திடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து லகூனா சேக்காவை 1957 நவம்பரில் திறந்தார்கள். அதே 1957-ல் கனெக்டிகட்டில் லைம் ராக், வர்ஜீனியா எல்லையில் வி.ஐ.ஆர்., லாங் ஐலண்டில் பிரிட்ஜ்ஹாம்ப்டன், கலிஃபோர்னியாவில் ரிவர்சைட். ஒரே ஆண்டில் ஐந்து பாதைகள் என்பது தற்செயல் இல்லை. 1952-ல் விழுந்த அடியும் 1954-ல் ஓடுபாதை கைவிட்டுப்போனதும், நிலம் தேடி, பணம் திரட்டி, மண் வெட்டித் தார் போட ஆகும் காலத்தைக் கூட்டினால் சரியாக அந்த ஆண்டில் வந்து நிற்கும். தொழில்நுட்ப ரீதியாக இவை எல்லாமே பாதுகாப்பானவை அல்ல; ஆனாலும் பார்வையாளர் ஓரிடம், கார் ஓரிடம் என்ற பிரிவினை முதன்முறையாக ஏற்பட்டது. அந்தச் சாதனையைக் குறைத்து மதிக்கக் கூடாது. வட்டாரக் கிளப்புகள் தங்களுக்குள் வளர்த்த கொடிமுறை, வாகனச் சோதனை, புதியவருக்கான ஓட்டுநர் பள்ளி எல்லாம் முழுப் பலன் கொடுத்தது இந்த வேலிக்குள்தான்.

ஆனால் தார் போட்ட பாதைக்கு வட்டி உண்டு. ஆண்டுக்கு ஒரு வார இறுதி நடக்கும் ஊர்த்திருவிழா போதாது. பல வார இறுதிகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் டிக்கெட் வாங்கும் கூட்டம் வேண்டும். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் எம்.ஜி.யில் சுற்றுவதைப் பார்க்க அவருடைய குடும்பம் வரும். அறுபதாயிரம் பேர் வரமாட்டார்கள். அவர்கள் வர வேண்டுமானால் பெயர்பெற்றவர்கள் ஓட்ட வேண்டும், பெயர்பெற்றவர்கள் வர வேண்டுமானால் பணம் வேண்டும். இதை முதலில் புரிந்துகொண்டவர் செப்ரிங்கில் பந்தயம் நடத்திய அலெக் உல்மன். அவரும் கிளப்பிலிருந்து வந்தவர்தான். விமானநிலைய நிலத்தில் 1952 முதல் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தை நடத்தும்போது ஐரோப்பியரை வரவழைக்க வேண்டியிருந்ததால், கிளப்பை விட்டு, சர்வதேச அமைப்போடு தொடர்புள்ள அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தின் அங்கீகாரத்தை நாடினார். 1958-ல் அடி இன்னும் பலமாக விழுந்தது. இண்டியானாபொலிஸ் பந்தயத்தை அப்போது நடத்திவந்த யு.எஸ்.ஏ.சி. சாலைப் பந்தயத்துக்கென்று பரிசுப்பணத்தோடு ஒரு சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது. அந்த அக்டோபரில் ரிவர்சைடில் லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ் ஒன்றின் ஆதரவில் நடந்த கிராண்ட் பிரீயைப் பெருங்கூட்டம் பார்த்தது. வென்றவர் அமெரிக்காவில் கட்டிய ஸ்காரப் காரை ஓட்டிய சக் டெய். பணப் பந்தயத்தில் ஓட்டும் உறுப்பினருக்குக் கிளப் தடைவிதித்துப் பார்த்தது. ஆனால் ரிவர்சைடின் கடனையும் லகூனா சேக்காவின் குத்தகையையும் யார் கட்டுவது என்பதற்குக் கிளப்பிடம் பதில் இல்லை.

சீமான் மனப்பான்மை என்ற பழைய விளக்கத்துக்கு இங்கே நியாயம் செய்துவிட வேண்டும். மனப்பான்மை இருந்தது. உறுப்பினர் ஆவதற்குப் பழைய உறுப்பினரின் சிபாரிசு தேவைப்பட்ட சங்கத்தில் யார் உள்ளே வந்தார்கள், யார் வரவில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவில் ‘கலிஃபோர்னியா ஸ்போர்ட்ஸ் கார் கிளப்’ என்று தனிக் கிளப் வளர்ந்ததற்கும், தன் பந்தயங்களைத் தானே நடத்தி அறுபதுகளின் தொடக்கம்வரை பெரிய கிளப்போடு சேராமல் நின்றதற்கும் இந்த உரசல் ஒரு காரணம். டெக்சாஸின் கோழிப்பண்ணைக்காரர் கரோல் ஷெல்பி போன்றவர்களுக்குச் சொந்தமாக ஃபெராரி வாங்க வழியில்லை. ஜான் எட்கர், டோனி பர்ராவானோ போன்ற செல்வந்தர்கள் கார் கொடுக்க அவர்கள் ஓட்டினார்கள். பிறர் காரை ஓட்டுகிறவரின் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கிளப் உற்றுப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் முன்வரிசையில் நிற்க ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்கள். ஆகவே ஐம்பதுகளின் நடுவிலேயே விதி ஒரு பாவனை ஆகிவிட்டது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பாவனை வாட்கின்ஸ் கிளென் காலத்திலும் இருந்திருக்கலாமே, அப்போது ஏன் யாரும் விதியை மாற்றக் கோரவில்லை? அதே சீமான்கள், அதே சிபாரிசு, அதே கோப்பைகள். 1952-க்கும் 1962-க்கும் நடுவே மாறியது மனிதர்களின் குணம் அல்ல. நிலத்தின் உரிமை மாறியிருந்தது.

மனப்பான்மையே காரணம் என்றால் விதியை மாற்றியவர்கள் வெளியாட்களாக இருந்திருக்க வேண்டும். அப்படியும் இல்லை. மாற்றியவர்கள் கிளப்பின் உள்ளிருந்தவர்களே. ஜான் பிஷப் என்ற நிர்வாகியின் காலத்தில் 1962-ல் கதவு திறந்தது, 1963-ல் கிளப்பின் சொந்தப் பரிசுப்பணச் சாம்பியன்ஷிப் தொடங்கியது, யு.எஸ்.ஏ.சி. சாலைப் பந்தயத்தை விட்டு ஒதுங்கியது. 1966-ல் டிரான்ஸ்-ஆம், அதே ஆண்டில் ஒரு தரைமெழுகுக் கம்பெனியின் ஆதரவோடு கான்-ஆம். கான்-ஆமின் முதல் சாம்பியன் ஜான் சர்ட்டீஸ். நான்கு ஆண்டுகளில், காசு வாங்கினால் வெளியேற்றிய கிளப், வட அமெரிக்காவிலேயே அதிகப் பணம் புழங்கிய சாலைப் பந்தயத்துக்குச் சொந்தக்காரர் ஆனது. வாட்கின்ஸ் கிளென் அதற்கு முன்பே ஃபார்முலா ஒன்னுக்குப் போய்விட்டிருந்தது: 1961-ல் லோட்டஸ் காரில் இன்னஸ் அயர்லாந்து வென்ற அமெரிக்க கிராண்ட் பிரீயிலிருந்து 1980 வரை அது அங்கே நின்றது. ஊர் மக்களே நிறுவிய கழகம்தான் அதை நடத்தியது, ஆர்கெட்ஸிங்கர்தான் முன்நின்றார்.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது. இதுவே எனக்கு அதிக மரியாதைக்குரியது. அமெச்சூர் பந்தயம் சாகவே இல்லையே என்பது. 1964-ல் ரிவர்சைடில் கிளப் தன் வட்டார அமெச்சூர் வெற்றியாளர்களை ஒன்றுகூட்டித் தேசியப் போட்டி நடத்தியது. ‘ரன்ஆஃப்ஸ்’ என்ற பெயரில் இன்றும் அது ஆண்டுதோறும் நடக்கிறது. பணம் வாங்காமல் ஓட்டுகிறவர்களும் வெயிலில் கொடி பிடிக்கிறவர்களும் இன்றும் அதே கிளைகளில்தான் இருக்கிறார்கள். உண்மை. ஆனால் அந்தப் பந்தயங்களைத் தாங்குகிற பாதைகளின் பெரும்பகுதிச் செலவை மற்ற வார இறுதிகளின் டிக்கெட்டும் விளம்பரமும் ஒளிபரப்பும் கட்டுகின்றன. 1948-ல் காசு வாங்காமை எல்லாருக்கும் பொதுவான நிபந்தனை, சாலையைத் திறக்கும் சாவி. 1964-க்குப் பின் அது விரும்பியவர் வைத்துக்கொள்ளும் ஒரு தேர்வு. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள இழுபறி கிளப்பின் உள்ளேயே தொடர்ந்தது. வட்டாரக் கிளைகளுக்கு அமெச்சூர் வார இறுதிகள் முக்கியம். தலைமை அலுவலகத்துக்குப் பணப் பந்தயங்கள். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் ஓட்டிப் பார்த்த பிஷப் 1969-ல் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டில் ஸ்டாக் கார் உலகின் பில் பிரான்ஸோடு சேர்ந்து ஐ.எம்.எஸ்.ஏ. என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார். அடுத்த பகுதி அங்கிருந்து தொடரும்.